வெள்ளை உறையில் 201 வெள்ளி

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 56 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் இருக்கிறோம். மகள் மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். எங்கள் மாடியில் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம். நாலு மாதத்துக்கு முன் என் கணவர் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பி, புளோக்குக்குக் கீழேயே சுருண்டு விழுந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. யாரோ ஒரு சீனப் பையன் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி, லிப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொண்டுவரச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் பார்த்திருக்கிறான். ஆம்புலன்சில் ஏற்றிய பரபரப்பில் அவனை நான் கவனிக்கவே இல்லை. பேர்கூடத் தெரியாது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ராத்திரிச் சாப்பாடு கொடுத்தனுப்பினார். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து மீனும் காயும் மட்டும் சமைத்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிள் இன்றுவரை ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்க்கத் தன் காரில் கூட்டிப் போகிறார். அவர் மனைவி என் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தபால் பெட்டியைத் திறந்து பில்லெல்லாம் எடுத்து வைத்தார்.

யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாதவள் நான். இந்தக் கடனை எப்படி அடைப்பேன்? போன மாதம் அந்த ஆன்ட்டியிடம் ஒரு வெள்ளை உறையில் 201 வெள்ளி வைத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என் கையிலேயே திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. மக்சிக்கின் டப்பாக்கள் ஏழெட்டு என் அடுக்களையில் கிடக்கின்றன. வெறும் டப்பாவாக எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். இவர்கள் லிப்டுக்கு நின்றால் நான் அடுத்த லிப்டில் போகிறேன். கணவரோ, ‘யார் தயவும் வேண்டாம், எல்லாரையும் நிறுத்தச் சொல்’ என்று எரிந்து விழுகிறார். தமிழ்க் குடும்பம் என்றாலே அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் என்று நினைத்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

— உட்லண்ட்ஸ் வாசகி

பதில் (மருத்துவ சமூகப் பணியாளர்):

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த உறை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அதுதான். உங்களை அதிகம் வாட்டுவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இங்கே சீனர்கள் வெள்ளை உறையில் பணம் கொடுப்பது துக்க வீட்டில். ‘பெக் கிம்’ என்பார்கள், ஈமச் செலவுக்குக் கைகொடுப்பது. அதிலும் தொகை ஒற்றைப்படையில் இருக்கும்: 31, 51, 101 என்று. நல்ல காரியத்துக்கு என்றால் அங் பாவ் எனும் சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை. நம் வழக்கம் நேர் தலைகீழ். மொய் என்றால் ஒரு வெள்ளி கூட வைத்து 101, 201 என்று கொடுத்தால்தான் நமக்கு மனசு நிறையும். நல்லபடியாக இருக்கட்டும் என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்த ஒரு வெள்ளியும், கைக்குக் கிடைத்த வெள்ளை உறையும் சேர்ந்து ஆன்ட்டி கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும்! அதுவும் சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய மனிதரின் வீட்டிலிருந்து. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ‘ஐயையோ’ என்றும் இருந்தது.

அவர் மனதில் ஓடியது இதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பணம் கொடுத்ததே சங்கடமாகியிருக்கலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்குக் கூலியா என்று சுருக்கென்றிருக்கலாம். எப்படியானாலும் செய்யவேண்டியது ஒன்றுதான். போய்ப் பேசுங்கள். ‘ஆன்ட்டி, எங்கள் ஆட்களுக்கு அந்த ஒன்றுதான் அதிர்ஷ்டம், உங்களுக்கு வேறு மாதிரி என்று எனக்குத் தெரியாமல் போச்சு’ என்று உங்களுக்கு வருகிற ஆங்கிலத்திலோ மலாயிலோ சொன்னால் போதும். கையில் ஆரஞ்சுப் பழம் கொண்டு போங்கள். எட்டு வாங்குங்கள், ஆறும் சரிதான். நாலு மட்டும் வேண்டாம், அது அவர்களுக்கு ஆகாத எண். ஈரச்சந்தையில் போட்டுத் தருகிற சிவப்புப் பிளாஸ்டிக் பையே போதும், தனியாக ஒன்றும் சுற்ற வேண்டாம். பணத்தை மறுபடி எடுக்காதீர்கள், சிவப்பு உறையில்கூட. ஆன்ட்டி சிரித்துவிட்டால் இந்தக் கதை மறுநாளே மீன்கடைவரை போய்விடும். போகட்டும்.

இந்த மாதிரிக் குழப்பம் இந்த ஊரில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1989-லிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் இவ்வளவு வீடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு மொழி, வேறு சாமி, வேறு சமையல். வருடக்கணக்கில் ‘சாப்பிட்டாச்சா’ என்பதோடு நின்ற பழக்கம், ஒரு நாள் காலையில் திடீரென்று ‘என் வீட்டுக்காரரைக் காப்பாற்றுங்கள்’ என்ற அளவுக்குப் போய்விடுகிறது. இடையில் இருக்கவேண்டிய படிகள் ஒன்றும் கட்டப்படவில்லை. இப்போதுதான் நீங்கள் கட்டவேண்டும்.

கம்பத்துக் காலத்தில், அதாவது அடுக்குமாடிக்கு முந்திய கிராமக் குடியிருப்புக் காலத்தில், இப்படியா இருந்தது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1961 மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்து நின்றபோது ஊரே திரண்டு உதவியதைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அன்றைய மனிதர்களுக்கு இதயம் பெரிதாக இருந்தது என்பதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். பல கம்பங்களில் பொதுக் குழாயில்தான் தண்ணீர். தினமும் பார்த்தே ஆகவேண்டும், கேட்டே ஆகவேண்டும். கேட்பதில் கூச்சம் கழன்றிருந்தது, அவ்வளவுதான். உங்கள் மாடியில் நடந்ததைப் பார்த்தால் கொடுக்கிற கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வாங்குகிற கைக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு.

சரி, மக்சிக்கின் டப்பாக்கள். இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். ஏழெட்டு டப்பா இல்லாமல் நாலு மாதமாக ஒரு அடுக்களை நடக்கிறது, அந்த அம்மாவின் கஷ்டத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்! வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாது என்பது நம் பழக்கம், பல மலாய் வீடுகளிலும் அப்படித்தான். ஏதாவது போட்டுக் கொடுங்கள். பேரீச்சம்பழம், திராட்சை, ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட், எதுவானாலும் சரி. எட்டையும் நிரப்பவேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள், மேலே இருக்கிற ஒன்றில் போட்டால் போதும். உங்கள் வீட்டுச் சமையலைக் கொடுக்க ஆசையிருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். ‘எங்கள் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடுவீர்களா?’ என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. அவர் உங்களிடம் மாட்டிறைச்சி பற்றி யோசித்ததும் அதே மரியாதைதான். சாப்பிடுவேன் என்றால் சைவமாக ஏதாவது செய்யுங்கள். மாட்டேன் என்றால் பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டிலும் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

இனி அந்தக் கடன் கணக்கு.

ஆஸ்பத்திரி வார்டில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் ஒருவர் வந்து தாதியர் மேசைப் பக்கம் தயங்கி நிற்பார். ‘நான் சொந்தக்காரன் இல்லை, பக்கத்து வீடு. இப்போ எப்படியிருக்கார்?’ என்பார். நோயாளியின் விவரத்தை நாங்கள் சொல்லமுடியாது. குடும்பத்தாரிடம் கேளுங்கள் என்போம். அவர் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த பழப் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க யாரும் வந்ததில்லை. சேதி கேட்கத்தான் வருகிறார்கள். உங்கள் வீட்டு அங்கிள், ஆன்ட்டி, மக்சிக்குக்கும் உங்களிடமிருந்து வரவேண்டியது அதுதான். ரத்தப் பரிசோதனை எப்படி வந்தது, மருந்தைக் குறைத்தார்களா, மாடிப்படி ஏறுகிறாரா, இதெல்லாம் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் அடுத்த லிப்டுக்கு நிற்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியும். அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: நாலு மாதம் ஓடி ஓடிச் செய்தோம், அந்த வீட்டுக்காரி இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நாம் என்ன தப்பு செய்தோம்? நீங்கள் கடன்பட்டவராகக் கூசி ஒதுங்குகிறீர்கள், அவர்கள் கண்ணுக்கு அது கோபித்துக்கொண்டவர் ஒதுங்குவது மாதிரி இருக்கிறது. நாளைக்கு அந்த லிப்டிலேயே ஏறுங்கள். வானிலை பேசுங்கள், மீன் விலை பேசுங்கள், நன்றியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கையெடுத்துக் கும்பிட்டால் அவர்களுக்கும் உங்கள் வாசலைத் தாண்டிப் போவது சிரமமாகிவிடும்.

அதற்காக, எல்லாவற்றையும் அவர்கள் தலையிலேயே விட்டுவிடலாம் என்று சொல்லவரவில்லை. அங்கிளின் கார் விஷயத்தில் உங்கள் கூச்சத்தில் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்கு ஓடிவருவது வேறு, மாதக்கணக்கில் முறைவைத்து ஓட்டுவது வேறு. முன்னதற்கு அக்கம்பக்கம்தான் சரி. பின்னதற்கு இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு முகவையை, அதாவது ஏஐசி-யை, 1800-650-6060-இல் கூப்பிடுங்கள். தனியாகப் போகமுடியாதவர்களை மருத்துவச் சந்திப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சேவை உண்டு. தகுதி, கட்டணம் எல்லாம் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் சேவையும் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே என்னைப் போல ஒரு மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார், அடுத்த முறை போகும்போது பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். பணநெருக்கடி இருந்தால் அரசாங்க நிதியுதவித் திட்டமான காம்கேர் எண் 1800-222-0000. வீட்டு நிலவரம் பற்றி உட்கார்ந்து பேச வட்டாரத்தில் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது.

ஏற்பாடு ஆனதும் அங்கிளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ‘இனிமேல் வேன் வரும் அங்கிள், நீங்கள் காலையில் நிம்மதியாகக் கோப்பி குடிக்கலாம். ஏதாவது அவசரம் என்றால் உங்கள் கதவைத்தான் தட்டுவேன்.’ கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அவரைக் கழற்றிவிட்டதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை. எவ்வளவு நல்லவர்களானாலும் வங்கி அட்டை, பின் எண், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக் கணக்கு) கடவுச்சொல் இதெல்லாம் அக்கம்பக்கத்தாரிடம் போகக்கூடாது. தபால் பெட்டிச் சாவி போதும். நாளைக்குக் கணக்கில் ஏதாவது இடித்தால் பழி முதலில் அவர்கள்மேல் விழும்.

உங்கள் கணவரைப் பற்றி. எல்லாரையும் நிறுத்தச் சொல்கிறார் என்றீர்கள். நீங்கள் அதை ரோஷம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். இதயம் நின்ற அந்தச் சில நிமிடங்கள் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போயிருக்கும். பிழைத்து வந்தவர்களில் பலருக்கு மறதி, அசதி, கவனம் நிற்காமை, சட்டென்று கோபம் இதெல்லாம் வருகின்றன. மனச்சோர்வும் சகஜம். புளோக்குக்குக் கீழே இறங்குவாரா? விழுந்த அந்த இடத்தைத் தாண்டிப் போவாரா? ராத்திரி தூங்குகிறாரா? முன்பு பிடித்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கிறதா? இவற்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் உங்கள் எதிரில் இருந்தால் முதலில் கேட்டிருப்பது இவைதான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆள் சுருங்கியே இருந்தால் அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதித் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்த்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். அவரைப் போலவே விழுந்து எழுந்த நாலு பேரோடு சேர்ந்து நடந்தால், நாம் சொல்லாத வார்த்தையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். உங்களுக்கே ராத்திரியில் தாங்கமுடியாமல் போனால் 1771 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

தமிழ்க் குடும்பம் என்றால் என்ன நினைப்பார்களோ என்று எழுதியிருந்தீர்கள். 2025 ஜூலை 26-ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று குழி விழுந்து ஒரு பெண் காரோடு உள்ளே போனாரே, நினைவிருக்கிறதா? பக்கத்து வேலைத்தளத்திலிருந்து ஓடிவந்து கயிறு போட்டு, குடிமைத் தற்காப்புப் படை வருவதற்குள் அவரை வெளியே இழுத்தவர்கள் ஏழு தொழிலாளர்கள். பெயர்களைப் படித்தாலே நம் ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிடும். ஊர் மக்கள் அவர்களுக்காக நன்கொடையாகச் சேர்த்தது 72,000 வெள்ளிக்கும் மேல். அந்தப் பெண் எந்த இனம், அவர்கள் எந்த இனம் என்று அந்தக் குழியோரம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் மாடியில் யாராவது பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பது நீங்கள் ஒருவர்தான்.

கடைசியாக அந்தப் பையன். இதயம் நின்றபின் சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி), மின்னதிர்ச்சி இரண்டும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில்தான். அவன் தற்செயலாக அந்த வழியே போனவனாக இருக்கலாம். அல்லது குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியைக் கைபேசியில் வைத்திருப்பவனாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் எண்ணான 995-க்கு அழைப்பு போனதும் 400 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அது தகவல் கொடுக்கும், அருகில் எங்கே ஏஇடி இருக்கிறது என்றும் காட்டும். இப்படி ஓடிவருகிறவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அவர்களை உறுத்துவது ஒன்றே ஒன்று: ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபின் என்ன ஆச்சு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. சரியாக அழுத்தினேனா, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கவேண்டுமா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கணவர் பிழைத்தது அந்தப் பையனுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அதனால் ஃபேஸ்புக்கில் ‘இவரைத் தெரியுமா’ என்று போடவேண்டாம், முகம் வெளியே தெரிவதை அவன் விரும்பாமல் இருக்கலாம். குடிமைத் தற்காப்புப் படைக்கு எழுதுங்கள். நாள், நேரம், புளோக் எண் மூன்றும் இருந்தால் அந்த 995 அழைப்பைத் தேடிப் பார்க்கமுடியும். அவன் செயலி வழியாக வந்திருந்தால் சேதி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். கடிதத்தில் நன்றியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவர் இப்போது என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்: தானே குளிக்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், உங்களோடு சண்டை போடுகிறார். கணவரையும் ஒரு வரி எழுதவையுங்கள், கையெழுத்து நடுங்கினாலும் பரவாயில்லை. அப்புறம், முடிந்தால் நீங்கள் ஒரு சிபிஆர் வகுப்பில் சேருங்கள். சிங்கப்பூர் இதய அறநிறுவனம் நடத்துகிறது. வீட்டில் இதய நோயாளி இருக்கும்போது அது உங்களுக்கே தேவை. ஆன்ட்டியையும் கூப்பிட்டுப் பாருங்கள், அவரும் வந்தாலும் வருவார்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கினால், கடிதத்தைத் தமிழிலேயே எழுதி மகளுக்கு அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்யமுடியவில்லையே என்று அவளும் தவித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கும் ஒரு வேலை வேண்டாமா?